யாரைப் பார்த்து நகுகின்றோம்?

சென்ற ஆண்டு ஸ்கந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றின் தவணை முடிவு விழாவிலே மாணவர் சிலர் நகைச்சுவை நிகழ்ச்சியொன்றை மேடையேற்றினர். தென்னிந்தியத் தொலைக்காட்சியிலே தாம் வாரந்தோறும் காண்பதை அவர்கள் அப்படியே பிரதி செய்திருந்தனர். பருத்த மாணவனின் வயிற்றில் ஒருவன் குத்தினான்; கறுத்தவனை மற்றொருவன் ரோர்ச் வெளிச்சத்தில் தேடினான்; மூன்றாமவன் சேலை உடுத்திக் குலுங்கி நடந்தான். ஈற்றில் ஒருவன் காலை இழுத்து இழுத்து வந்தபோது மண்டபமே அதிர்ந்தது. பின்வரிசையிலே, போரில் காலை இழந்து பொய்க்காலுடன் வாழும் தந்தையொருவர் அமர்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் காட்டினார். இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துகிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த உரையாசிரியர் இவ்விரண்டாவது சிரிப்பையும் கண்டு பிரித்து வைத்தமை வியப்புக்குரியது. பின்வரிசைத் தந்தையின் சிரிப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சபையிலே தனித்து நிற்க அஞ்சுபவன், தன்மேல் விழும் கேலிக்குத் தானே செலுத்தும் வரி அது.

நாம் சிரிப்பை வெறுப்பவரல்லோம். கேலி பொல்லாதது என்று கூறும் ஒழுக்கவாதிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. தமிழ்த் திரையின் முற்போக்கு மரபே கேலியில்தான் பெரிதும் வளர்ந்தது. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை எண்ணிப் பார்க்கலாம். நந்தனார் கதையின் சாயலை எடுத்துக்கொண்ட அவர், ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவனைக் கோயில் வாயிலுக்கு அனுப்பாமல் கல்விச்சாலைக்கு அனுப்பினார். 1954இல் வந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்திலே எம். ஆர். ராதாவின் நாவிலிருந்து பாய்ந்த கேலி, செல்வச் செருக்கையும் போலிப் பக்தியையும் ஒருசேரச் சுட்டது. இவையெல்லாம் அக்காலத்திலே துணிகரமான நகைச்சுவைகளே. ஆனால் துணிவு என்பது வலியோனை எதிர்க்கும் இடத்திலேதான் தேவைப்படுகிறது. மெலியோனை எள்ளுவதற்குத் துணிவு எதற்கு?

இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவைகளை இந்த அளவுகோலைக் கொண்டே நோக்குதல் வேண்டும். போர்க்காலத்து வன்னி மின்சாரமற்ற நிலமாய்க் கிடந்தது. 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது ஸ்கந்தபுரமும் அக்கராயனும் இடம்பெயர்ந்தோரால் நிரம்பின. அந்நாட்களிலே படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கும் வேண்டும். ஊரே ஒரு முற்றத்தில் கூடவேண்டும். 2009இன் பின்னர் முகாம்களிலிருந்து திரும்பிய மக்களின் வீடுகளுக்கு மின்சாரம் வந்தது. கூரைத் தகட்டின்மேல் டிஷ் அன்ரனா ஏறியது. இப்போது அதே காட்சிகள் துண்டு துண்டாய்ப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் ஓடுகின்றன. முற்றத்திலே பெரியவர்களோடு கூடிப் பார்த்தபோது ஒரு கேலியைப் பற்றி யாராவது ஒருவர் முணுமுணுப்பார். இன்று அந்த முணுமுணுப்பும் இல்லை.

விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ 2000களின் முற்பகுதியிலே தொடங்கியது. சந்தானம், மனோகர், சுவாமிநாதன் முதலியோர் நடித்த அந்நிகழ்ச்சி, புகழ்பெற்ற திரைப்படங்களையே எடுத்துக் கேலி செய்தது. நூறு பேரை ஒற்றைக் கையால் வீழ்த்தும் நாயகன், அவன் விரல் சுட்டிப் பேசும் வசனம், தாயின் கண்ணீர், காதலியின் ஓட்டம் ஆகிய யாவும் அதன் கையிலே அட்டைப் பொம்மைகளாயின. ஆரவாரம் மிகுந்த அந்நிகழ்ச்சியிலே மலிவான பகுதிகளும் உண்டு; அதனை நாம் மறைக்கவில்லை. எனினும் நட்சத்திர வழிபாட்டில் மூழ்கிய சமுதாயத்துக்கு, தெய்வத்தின் கிரீடம் காகிதத்தால் ஆனது என்று அது காட்டியது. 2010இல் வெளிவந்த சி. எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ அதே வழியில் எழுந்ததே.

2005இல் அதே நிலையத்தில் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ நிகழ்ச்சியும், அதனைப் பின்பற்றி வந்த பலவும் வேறு திசையிற் சென்றன. சாதாரண குடும்பத்து இளைஞர்க்கு அவை மேடை கொடுத்தன என்பது உண்மை. சிவகார்த்திகேயன் போன்றோர் அம்மேடையிலிருந்தே திரைக்குச் சென்றனர். ஆனால் நாளடைவிலே கேலிக்குரிய பொருள் நாயகனிடமிருந்து நகர்ந்து, பக்கத்தில் நிற்கும் சக கலைஞனின் உடலிலே வந்து நின்றது. அவன் நிறம், பருமன், உயரம், பல் ஆகியனவே வாரந்தோறும் விலைபோகும் சரக்காயின. பெண்வேடமிட்ட ஆண் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கட்டாயப் பண்டமானான். கவுண்டமணி செந்திலை உதைத்துப் பெயரிட்ட பழைய வழக்கம் புதிய மின்னொளியில் நிலைபெற்றது.

இத்திசைமாற்றம் கலைஞர்களின் மனக்கோணலால் மட்டும் நிகழ்ந்ததன்று. அதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. விஜய் தொலைக்காட்சி 2001இல் ஸ்டார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2019இல் அந்நிறுவனமே அமெரிக்க டிஸ்னியின் உடைமையாயிற்று. 2024 நவம்பரில் அது ரிலையன்ஸுடனான கூட்டு நிறுவனத்துள் அடங்கியது. தொலைக்காட்சி நிலையம் நாயகனின் படத்தை விலைக்கு வாங்கி ஒளிபரப்புகிறது. அப்படத்தின் விளம்பரத்துக்கு அவனையே விருந்தினனாக அழைக்கிறது. அவனை எள்ளினால் வியாபாரம் கெடும், இரசிகர் கொதிப்பர். பருத்த மனிதனுக்கு இரசிகர் மன்றம் இல்லை. கறுத்த பெண்ணுக்கு வழக்கறிஞர் இல்லை. நொண்டிக்கு விளம்பர வருவாய் இல்லை. ஆகவே கேலி மேலிருந்து கீழே வழிகிறது.

இனி, நம்மைப் பற்றிய சிரிப்புக்கு வருவோம். ஈழத் தமிழ்ப் பேச்சு திரையிலே சிரிப்புக்குரியதாவது புதிதன்று. நம் நாட்டிலேயே, ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ திரைப்படம் 1976இல் வெளிவந்தது. மரிக்காராக எஸ். ராமதாஸ், உபாலியாக செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத் என நால்வர் தோன்றினர். முஸ்லிம் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணப் பேச்சு, ஐயர் பேச்சு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதிச் சிரிப்பை எழுப்பின. அதனை ஆழமான கலைப்படைப்பு என்று யாரும் வாதிடார். ஆனால் அங்கே ஒவ்வொருவனும் மற்றவனை எள்ளினான், ஒவ்வொருவனும் எள்ளப்பட்டான். சரியான தமிழ் பேசும் நடுவன் ஒருவன் மேலே இருந்து நால்வரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலும் அங்கே சமநிறையாய் நின்றன.

2000 ஒக்ரோபரில் வெளியான ‘தெனாலி’ இச்சமநிறையைக் குலைத்தது. கே. எஸ். இரவிகுமார் இயக்கிய அப்படத்திலே கமல்ஹாசன், எதைக் கண்டாலும் அஞ்சும் இலங்கைத் தமிழனாக நடித்தார். யாழ்ப்பாணப் பேச்சை அவருக்குப் பயிற்றியவர் அதே அப்துல் ஹமீத். பேச்சைக் கற்பதிலே கலைஞர் காட்டிய உழைப்பு பாராட்டுக்குரியதே. தமிழகத்துப் பெருந்திரையிலே நம் மொழி ஒரு நாயகனின் வாயால் ஒலித்தமையும் சிறிதன்று. ஆயினும் அப்படம் வெளிவந்த ஆண்டினை நோக்குக. 2000 ஏப்ரலிலே ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்தது; குடாநாட்டிலே ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்; வன்னியிலே பொருளாதாரத் தடை நிலவியது. அஞ்சுவதற்கு ஆயிரம் காரணங்கள் கண்முன் நிற்க, அந்த அச்சம் திரையிலே ஒரு தனிமனிதனின் விநோத நோயாயிற்று. வைத்தியர் தீர்க்கவேண்டிய பிணியாகச் சுருங்கியபின் அதற்குக் காரணமானோர் எவரும் இல்லை. கதையின் அடிப்படை ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தை ஒத்தது. அங்கே வசதி படைத்த சமுதாயத்தின் மனநோயாளிக்குத் தைத்த சட்டையை இங்கே போரின் அகதிக்கு மாட்டினர். சட்டை பொருந்தவில்லை, பொருந்தாமையும் சிரிப்பாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நோக்குவோம். 2021 ஜூனிலே அமேசன் வெளியிட்ட ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பகுதியிலே, சமந்தா ஈழப் போராளிப் பெண்ணாக நடித்தார். தமிழகத்திலே அத்தொடருக்கு எதிராகக் குரல் எழுந்தது. தடை செய்யுமாறு மாநில அமைச்சரே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நடிகையின் முகத்திலே கருமை பூசியதும் கண்டிக்கப்பட்டது. இவற்றோடு நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அத்தொடரின் நாயகனான உளவு அதிகாரிக்கு மனைவியோடு பிணக்குண்டு, பிள்ளைகளோடு கேலியுண்டு, அலுவலகத்திலே பகிடியுண்டு. சிரிப்பெல்லாம் அவன் பக்கம். ஈழப் பெண்ணின் முகத்திலே சிரிப்பு மறந்தும் எழாது. சிரிக்க வைப்பவனும் சிரிப்பவனும் மனிதர். சிரிப்பு மறுக்கப்பட்டவள் ஆயுதம். ஆக, திரை நமக்கு இரண்டு வேடங்களையே ஒதுக்கியது: ஒன்று சிரிப்புக்குரிய கோழை, மற்றது சிரிப்பறியாக் கொலைஞர். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நம் மக்கள் வயல் விதைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றனர்.

அந்த இடைவெளியிலே கால் வைத்தது 2025 மே முதலாம் நாள் வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞர் இயக்கிய முதற் படம் அது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறிய குடும்பமொன்று சென்னையிலே ஒளிந்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். இளைய மகனின் பெயர் முள்ளி. அப்பெயர் எதனை நினைவூட்டும் என்று வன்னி வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இக்குடும்பம் பகிடி பேசுகிறது. தம்முள் ஒருவரையொருவர் எள்ளுகிறது. அயலாரின் இறுக்கத்தைக் கண்டு வியக்கிறது. இங்கே நாம் சிரிக்கப்படும் பொருளாக மட்டும் இல்லை, சிரிப்பவராகவும் இருக்கிறோம். தம் பேச்சை மறைக்கவேண்டிய அக்குடும்பத்தைக் காவலர் தேடி வரும்போது, குடியிருப்பு மக்கள் தாமே ஈழத் தமிழிலே பேசி அவர்களைக் காக்கின்றனர். கால் நூற்றாண்டுக்கு முன்னே கேலிப் பொருளாயிருந்த பேச்சு இங்கே தோழமையின் அடையாளமாயிற்று. உச்சரிப்பிலே பிழைகள் உண்டு; நாம் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாத ஒன்றும் இருக்கிறது. படத்திலே கரையேறிய குடும்பத்தை ஒரு காவலரின் கருணை விட்டுவிடுகிறது. 2022 மார்ச்சிலே மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற உண்மையான குடும்பங்கள் மண்டபம் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டன. 2021இலே தமிழக அரசு அகதி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. ஆனால் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே இலங்கையிலிருந்து சென்றோர்க்கு இடமில்லை. நல்ல அயலவர் ஒரு குடும்பத்தைக் காக்கலாம். சட்டத்தின் கதவை அவர்கள் திறக்க முடியாது. படம் அயலவரை நம் முன் நிறுத்திச் சட்டத்தைத் திரைக்குப் பின்னே வைத்துவிட்டது. அன்பு எள்ளலை வென்றதைக் கொண்டாடும் நாம், அது அதிகாரத்தை எள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மீண்டும் அந்த மண்டபத்துக்கு வருவோம். மேடையேறிய மாணவரைத் தண்டிக்க வேண்டும் என்றார் சிலர். நாம் உடன்படவில்லை. அவர்கள் கற்றதையே நடித்தனர். கற்பித்தது நாமல்ல, திரை. அடுத்த தவணையிலே அதே மாணவரை அழைத்து, உங்கள் வீட்டிலே எவரைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள் என்று மட்டும் கேட்டோம். அவர்கள் நுண்கடன் அறவிட மோட்டார் சைக்கிளில் வரும் ஐயாவை மேடைக்குக் கொண்டுவந்தனர். கடன் புத்தகத்தை விரித்து, கோழியையும் முட்டையையும் எண்ணி, முட்டையிலிருந்து வரப்போகும் குஞ்சுக்கும் வட்டி கணக்கிடும் காட்சி அது.

சபை உடனே சிரிக்கவில்லை. முதலில் தாய்மார் திரும்பி, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தனர். வலியோனை நோக்கிய எள்ளலுக்கு விலை உண்டென்பதை அவர்கள் அறிவர். பின்னர் ஒரு மூலையிலே சிரிப்பொலி எழுந்தது. அது மெல்ல மண்டபம் முழுவதும் பரவியது. பின்வரிசைத் தந்தையும் சிரித்தார். இம்முறை அவர் வரி செலுத்தவில்லை.