மன்னிப்பும் பட்டாவும்

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு கற்றுத் தரும் ஜெபத்தில் மன்னிக்கக் கேட்கப்படுவது 'பாவம்' அல்ல, 'கடன்'. கிரேக்க மூலத்திலும் அதுதான். தமிழ் புராட்டஸ்டண்ட் வேதாகமம் அச்சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. லூக்காவில் அது 'பாவம்' ஆகிவிடுகிறது. கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில் 'குற்றம்'.

சொல்தானே, இதிலென்ன என்று கேட்கலாம். செங்கற்பட்டு ஜில்லாவின் படியாளுக்குக் 'கடன்' என்பதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய பணம். அப்பன் செத்தால் மகன் தலையில் விழும். அவன் காதில் இந்த ஜெபம் ஆன்மாவைப் பற்றியதாக மட்டும் விழுந்திருக்குமா? கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாப் பறையர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் நிலம் வேண்டுமென்று அரசை நச்சரித்தார்கள். 1892இல் வந்தது பஞ்சமி நில ஆணை. ஆக, கடனையும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்த கிறிஸ்தவம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

1938 டிசம்பரில் அதே ஜில்லாவைச் சேர்ந்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சர்வதேச மிஷனரி கவுன்சில் கூடியது. நானூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். டச்சுக்காரர் க்ரேமர் இம்மாநாட்டுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார்: பாவியான மனிதனுக்குத் தேவனின் வெளிப்பாடு மேலிருந்துதான் வரும், பிற மதங்களின் தொடர்ச்சியாக அல்ல. செஞ்சையா, சக்கரை முதலானோரின் தொகுப்பு இதற்கு எதிர்நின்றது. செஞ்சையாவுக்குப் பாவ நிவர்த்தி மையமே அல்ல. கிறிஸ்து ஒரு புதிய சிருஷ்டி. துணிச்சலான வாதம்தான். ஆனால் இன்று நம் நினைவில் நிற்கும் அந்த 'தாம்பரம் விவாதம்' மதத்துக்கும் மதத்துக்கும் நடுவே நடந்தது. கடன்பட்டவன் அதில் ஒரு தரப்பு அல்ல.

'எல்லோரும் பாவிகளே' என்பதில் ஒரு சமத்துவம் உண்டு. மிராசுதாரும் படியாளும் ஒரே முழங்காலில். ஆனால் அதே வாக்கியம் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதையும் அழித்துவிடுகிறது. அநியாயம் செய்தவன் கடவுளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அநியாயத்துக்கு ஆளானவன் சும்மா பாத்துக்கிட்டு நிக்கணும், மன்னிக்கலேன்னா அவன் பாவியாம்!

சகேயு கதை அப்படிப் போகவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகே இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்கிறார். லேவியராகமத்தின் யூபிலி வருஷத்தில் நிலம் பழைய சொந்தக்காரனுக்கே திரும்புகிறது. இவற்றை ஒதுக்கிவிட்டு மன்னிப்பை மனசுக்குள் நடக்கும் சமாச்சாரமாக்கியதில் யாருக்கு லாபம் என்று கேட்க இறையியல் பட்டம் வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் செங்கற்பட்டு. காரணையில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுத் தலித்துகள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. அவர்கள் கேட்டது மன்னிப்பை அல்ல. ட்ரெமென்ஹீர் காலத்து நிலத்தைத்தான்.