கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்கு நாற்காலி தேடுகிறவர்கள் முதலில் மெருகைத்தான் பார்க்கிறார்கள். மெருகு நேற்றுப் பூசியதாகவும் இருக்கலாம். அடிப்பக்கம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. கவிழ்த்துத் தடவினால் கையால் இழைத்த மரத்தின் மெல்லிய மேடுபள்ளம் விரலில் தட்டுப்படும்; ஒரு கட்டையின் முனை இன்னொன்றின் துளைக்குள் இறுகியிருக்கும். பூச்சி அரித்ததற்கு இவ்வளவு விலையா என்று சிலர் கேட்பார்கள். தட்டினால் புது மாவு கொட்டாத பழைய பூச்சித் துளைக்குப் பயப்பட வேண்டாம். கிழிந்த பிரம்பை மறுபடி பின்னலாம், ஆடும் காலைத் தச்சர் பிரித்து இறுக்கித் தருவார்; உப்பிப்போன பிளைவுட்டுக்கு அந்த வழியே இல்லை. அழகுக்காக இடுப்பு வலியைப் பொறுக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. உட்கார்ந்து பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.