மலிவு விலை இன்-இயர் மானிட்டர்கள்: ஒலியும் காதுப் பொருத்தமும்

இன்-இயர் மானிட்டர் என்பது ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் நுழைந்து, துளையை அடைத்துக்கொண்டு ஒலி தரும் ஒருவகை இயர்போன். மேடையில் பாடுவோரும் வாசிப்போரும் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள உருவானதால் ‘மானிட்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1995இல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர், வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒன்றைச் செய்துகொடுத்தார். அதிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அத்தகைய மேடைக் கருவிகள், பல் கட்டுவதற்கு அச்சு எடுப்பதுபோல, காதின் அச்சை எடுத்து அந்த ஒருவருக்கென்றே வார்க்கப்பட்டவை.

இன்று அதே பெயரில் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்ல கருவிகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை சீனத் தயாரிப்புகள்: மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, பிளான் பிஎல்-03, கேஇசட், சிசிஏ வகைகள். இருபது ஆண்டுகளுக்கு முன் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத ஒலித் தெளிவு இவற்றில் இருப்பது உண்மை. ஆனால் விலை இறங்கும்போது ஒன்று கழன்றுவிட்டது. காதின் அச்சு போய், அதன் இடத்தில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு ரப்பர் வந்தது. ஒலி மலிவானது, பொருத்தம் வாங்குபவர் தலையில் விழுந்தது. இணையத்தில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒலியைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதிவிட்டு, ‘அணிவதற்கு வசதியாக உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரிதான் மற்ற பத்துப் பத்திகளும் உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிக்கிறது.

வரைபடமும் காதும்

மதிப்புரையாளர்கள் காட்டும் அலைவெண் வரைபடம் ஒரு செயற்கைக் காதுக்குழலில் அளக்கப்படுவது. அந்தக் குழலில் இயர்போன் காற்றுப் புகாமல் பொருத்தப்பட்டிருக்கும். மனிதக் காதில் ரப்பருக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை அளவு சந்து இருந்தாலும், 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலி 10 டெசிபலுக்கு மேல்கூடக் குறைந்துவிடும். வரைபடத்தில் மேடாகத் தெரிந்த பேஸ், காதில் பள்ளமாகிவிடும். ‘இந்த மாடலில் பேஸே இல்லை’ என்று ஒருவரும், ‘பேஸ் அதிகம், தலை வலிக்கிறது’ என்று இன்னொருவரும் ஒரே கருவியைப் பற்றி எழுதுவது இதனால்தான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரின் காதுத் துளைகள் வேறு.

மேல் அலைவெண்ணிலும் இதே சிக்கல் உண்டு. திறந்த காதுத் துளை, ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய்போல இயங்கி, 3,000 ஹெர்ட்சை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே உயர்த்தித் தருகிறது. துளையை அடைத்தவுடன் அந்த இயல்பான உயர்வு மறைகிறது. இயர்போன் அதை ஈடுகட்ட வேண்டும். சீன் ஆலிவ் தலைமையில் ஹார்மன் நிறுவனத்தில் நடந்த கேட்டல் ஆய்வுகளிலிருந்து வந்த ‘ஹார்மன் இலக்கு வளைகோடு’ இதற்கு ஒரு வழிகாட்டி. மலிவு விலைக் கருவிகளின் தரம் உயர்ந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் வரைபடத்தில் 8,000 ஹெர்ட்சுக்கு அருகில் தெரியும் கூர்மையான முகடு பல நேரங்களில் கருவியின் குணமே அல்ல. குழலுக்குள் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதால் வருவது. அதைப் பார்த்து ‘இந்தக் கருவி காதைக் குத்தும்’ என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின் ஏல மையத்தில் ஏலக்காய் விலை போகும்போது, காயின் அளவு, லிட்டர் எடை என்ற எண்கள் எல்லாம் கையில் இருக்கும். இருந்தும் வியாபாரி மாதிரித் தட்டிலிருந்து நாலு காயை எடுத்து நிறம் பார்க்கிறார், நசுக்கி மணம் பார்க்கிறார். இயர்போன் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. இணையத்தில் பணம் கட்டிய பிறகுதான் பொருள் காதுக்கு வருகிறது. ஆகவே மதிப்புரைதான் அவருக்கு மாதிரித் தட்டு. அது சரியாக இருக்க வேண்டும்.

எந்தக் காதுக்கு எது

பொருத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில உறுதியான விவரங்கள்தாம். ஒலி வெளிவரும் குழாய்முனையின் நீளமும் பருமனும் முதலாவது. 2019இல் வந்த பிளான் பிஎல்-03 ஒலிக்காகப் பெரிதும் புகழப்பட்டது. ஆனால் அதன் குழாய்முனை குட்டையானது. கூட வரும் ரப்பர் பலர் காதில் நிற்பதில்லை. வாங்கியவர்கள் தனியாக நீளமான ரப்பர் வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2022இல் வந்த சால்நோட்ஸ் ஜீரோவில் சிக்கல் தலைகீழ்: குழாய்முனை பருமனானது. ஒலி சமநிலையில் அந்த விலைக்கு அது மிக நல்ல கருவி. ஆனால் சிறிய காதுத் துளை உள்ளவர்களுக்கு அரைமணி நேரத்தில் வலி எடுக்கலாம். அதே ஆண்டு வந்த மூன்டிராப் சூவின் உடல் சிறியது. கூட வரும் ரப்பரும் நல்லது. குறை, கேபிளைக் கழற்ற முடியாது என்பது. கேபிள் அறுந்தால் கருவியே போயிற்று. அடுத்த ஆண்டு வந்த சூ 2இல் கழற்றி மாற்றும் கேபிள் வந்துவிட்டதால், மாணவர்களுக்குப் பரிந்துரைக்க அதுவே மேல்.

கேபிள் காதுக்கு மேலாகச் சுற்றி வருவது இவ்வகையில் பெரும்பாலானவற்றின் அமைப்பு. மேடையில் கேபிள் இழுபட்டுக் கழன்றுவிடாமல் இருக்க இது உதவும். ஆனால் கண்ணாடி அணிபவருக்குக் கண்ணாடிக் காம்பும் கேபிளும் ஒரே இடத்தில் நெருக்கும். தோட்டிலிருந்து மேலே செல்லும் மாட்டல் அணிந்த பெண்களுக்குக் கேபிள் அதில் சிக்கும். மலைத் தோட்டங்களில் தலையில் துண்டு கட்டி வேலை செய்பவர்களுக்குத் துண்டு கேபிளை அழுத்தி, ரப்பரைத் துளையிலிருந்து மெல்ல வெளியே தள்ளும். ஆங்கில மதிப்புரைகளில் கண்ணாடியாவது சில சமயம் வரும். மாட்டல் வராது. தமிழில் எழுதுபவர்களும் அதை விட்டுவிடுவதற்குக் காரணம், ஆங்கில மதிப்புரையின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதுதான்.

மலை ஏறும்போது

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடையும்போது உயரம் 1,300 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சாயங்காலம் இறங்குபவர்களுக்கு இது அன்றாடப் பயணம். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைத்துக்கொள்வதும், எச்சில் விழுங்கினால் விடுவதும் எல்லோரும் அறிந்தது.

துளையை இறுக அடைத்த இயர்போனோடு ஏறினால் இன்னொரு அடைப்பும் சேர்ந்துகொள்கிறது. ரப்பருக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கிய காற்று அடிவாரத்து அழுத்தத்தோடு இருக்க, வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். செவிப்பறை மட்டுமல்ல, இயர்போனுக்குள் இருக்கும் மெல்லிய அதிர்தகடும் இதனால் அழுத்தப்படுகிறது. காதில் செருகும்போது ‘மொறுக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அது தகடு வளைந்து மீளும் சத்தம். இதைத் தவிர்க்கத்தான் உடலில் ஊசிமுனை அளவுத் துளைகள் வைக்கிறார்கள். அத்துளை உள்ள கருவி மலைப்பாதைக்கு ஏற்றது. இல்லாததை இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை காதிலிருந்து எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். சளி பிடித்திருக்கும்போது போடாமல் இருப்பதே நல்லது. கருவியில் காற்றுத்துளை எங்கே இருக்கிறது, விரலோ காது மடலோ அதை மூடுகிறதா என்று சொல்லும் மதிப்புரை அபூர்வம்.

ஈரம் இரண்டாவது தொல்லை. காதுக்குள் இருக்கும் காற்று வெதுவெதுப்பும் ஈரமும் கொண்டது. மூடுபனியில் வெளிப்புறம் குளிர்ந்த உலோக உடலுக்குள் அந்த ஈரம் நீர்த்துளியாகப் படியும். குழாய்முனையில் உள்ள மெல்லிய வலையில் ஒரு துளி நின்றாலே அந்தப் பக்கத்து ஒலி பாதியாகிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த நிலையில்தான். ரப்பரைக் கழற்றி, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு ஒரு டப்பிக்குள் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஈரமான ரப்பரையே மீண்டும் மீண்டும் செருகுவதால் காதில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பும் உண்டு. இதற்குக் கருவியை அல்ல, பழக்கத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒலியை எதைக் கொண்டு சோதிப்பது

‘சவுண்ட்ஸ்டேஜ்’, ‘டெக்னிகாலிட்டி’ போன்ற சொற்களால் நிறைந்த மதிப்புரைகளிலிருந்து, பாடம் கேட்கப்போகும் மாணவருக்குப் பயனுள்ளது எதுவும் கிடைப்பதில்லை. அவருக்கு வேண்டியது பேச்சுத் தெளிவு. தமிழில் அதற்கு ஆயத்தச் சோதனை இருக்கிறது: வலி, வளி, வழி. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் உள்ளன. அமைதியான அறையில் நூறு ரூபாய் ஹெட்செட்டிலும் இவை பிரிந்து கேட்கும். போடியிலிருந்து தேனிக்குச் செல்லும் பேருந்தின் இன்ஜின் மேல் உட்கார்ந்து கேட்டால்தான் வேறுபாடு தெரியும். தாழ்ந்த அலைவெண் இரைச்சல் மேலே உள்ள ஒலிகளை மூடிவிடும் தன்மையுடையது. கருவியே பேஸைத் தூக்கிக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து மூடும். சிசிஏ சிஆர்ஏ போன்ற, பேஸும் உச்ச ஒலியும் எழும்பி நடுப்பகுதி தாழ்ந்த கருவிகள் குத்துப் பாட்டுக்கு உற்சாகம் தரும். இரண்டு மணி நேரப் பாடத்துக்கு ‘ச’கர ஒலிகள் சீறிக்கொண்டு சலிப்பூட்டும்.

இசைக்கு, மேற்கத்திய சோதனைப் பாடல்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. போடிக்குத் தெற்கே, தேவாரம் தாண்டியதும் வரும் பண்ணைப்புரம் இளையராஜாவின் ஊர். அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல் தனி ஒரு மெட்டாகவே நடக்கும். அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒரு பாடலைப் போட்டு, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரத்தையும் பின்தொடர முடிகிறதா என்று பார்க்கலாம். ‘தும் தும்’ என்று ஒரே சத்தமாகக் கேட்டால் கருவியின் குறை. சத்தமே மெலிந்திருந்தால் அநேகமாக ரப்பரின் குறை.

அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’ (1976) காலத்துப் பாடல்கள் ஸ்டீரியோ வருவதற்கு முந்தையவை. ‘பழைய பாட்டு, சோதனைக்கு ஆகாது’ என்று மதிப்புரையாளர்கள் ஒதுக்குவார்கள். அது தவறு. ஒற்றைத் தடத்தில் பதிவான பாடலில் இரு காதுக்கும் ஒரே ஒலி போவதால், பாடுபவர் குரல் தலையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஒரு காதில் ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது இரு பக்கத்து அதிர்தகடுகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கலாம்: சாய்வும் பக்கம் மாறினால் பழுது கருவியில், மாறாவிட்டால் காதில். மலிவு விலைக் கருவிகளில் இரு பக்கப் பொருத்தமின்மை அவ்வப்போது வரும் பழுது என்பதால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

பொருத்தம் சரியில்லாவிட்டால் இழப்பு ஒலித்தரத்தோடு நிற்பதில்லை. வெளி இரைச்சல் உள்ளே வர, கேட்பவர் ஒலியளவைக் கூட்டுவார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. நன்கு அடைக்கும் ரப்பர் போட்டவர் கேட்கும் பாடத்தை, சந்து விட்ட ரப்பர் போட்டவர் அதே பேருந்தில் 9 டெசிபல் கூட்டிக் கேட்டால், அவருக்கு ஒரு வாரத்தின் அளவு தினம் ஒரு மணி நேரமாக ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். ஐம்பது, நூறு ரூபாய்க்கு வேறு அளவு ரப்பர் வாங்கிப் போடுவது இங்கே காதைக் காக்கும் செலவு. எந்த மதிப்புரையும் இதை மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நன்றாக அடைக்கும் கருவி ஜீப்பின் ஹாரனையும் அடைக்கும். மலைப்பாதையில் நடப்பவரும் இருசக்கர வண்டி ஓட்டுபவரும் இவற்றை அணியவே கூடாது.

போனில் 3.5 மி.மீ. துளை இல்லாதவர்கள் சி-டைப் கன்வெர்ட்டர் வாங்கும்போது, உள்ளே ஒலிமாற்றிச் சிப் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் கம்பி இணைப்பு மட்டும் உள்ளவை பல போன்களில் வேலை செய்யாது. துளையும் எஃப்.எம். வசதியும் உள்ள பழைய போன் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இயர்போன் கேபிளே அதற்கு ஏரியல். டேட்டா சிக்னல் விட்டுப்போகும் மலைச்சரிவுகளிலும், கொடைக்கானல் வானொலி 100.5 மெகாஹெர்ட்சில் எட்டும் இடமாக இருந்தால், இந்த இயர்போனிலேயே கேட்கலாம். புளூடூத் வகைகளால் அது ஆகாது.