பரணும் ஒரு ஜப்பானியப் புத்தகமும்

மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாக நண்பர்களிடம் சொல்லி வந்தேன். உண்மையில், அந்த நாவலை எழுத மேஜையில் இடம் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. வத்திராயிருப்பில் எங்கள் வீடு பழைய காலத்துக் கட்டு வீடு. முன்னால் பட்டாசாலை, பின்னால் அடுப்படி, மேலே மச்சு. மச்சில்தான் என் எழுத்து வேலை. ஜன்னலைத் திறந்தால் வயலும் அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும் என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்லுவார்கள். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே பழைய பத்திரிகைக் கட்டுகள், ஓடாத தையல் மெஷின் ஒன்று, இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு நெல் குலுக்கையின் மூடி ஆகியவை இருந்தன. குலுக்கை போய் இருபது வருஷமாகிறது. மூடி மட்டும் என்ன நம்பிக்கையிலோ காத்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் போகிக்கு முதல் நாள், சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன் மகள் வந்தாள். மச்சைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "சித்தப்பா, இதை வாசிச்சுட்டு அப்புறம் பேசுங்க" என்றாள்.

மாரி கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணி எழுதியது. ஜப்பானிய மொழியில் 2010-ல் வெளிவந்து, 2014-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். 2019-ல் நெட்பிளிக்ஸில் தொடராகவும் வந்தது. வீட்டை ஒழுங்குபடுத்தினால் வாழ்க்கையே மாறிவிடும் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. இந்த மாதிரித் தலைப்புகளிடம் எனக்கு இயல்பாகவே ஓர் அவநம்பிக்கை உண்டு. ஆனாலும் ஒரே இரவில் வாசித்து முடித்துவிட்டேன்.

அவர் சொல்லும் முறை மிகவும் எளிது. அறை அறையாகச் சுத்தம் செய்யாதே. வகை வகையாகச் செய். முதலில் துணிமணி, அடுத்து புத்தகம், பிறகு காகிதம், பிறகு சில்லறைச் சாமான், கடைசியில் ஞாபகார்த்தப் பொருள்கள். ஒரு வகையைச் சேர்ந்த அத்தனையையும் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது என் மனசுக்குள் ஆனந்தத்தை எழுப்புகிறதா என்று கேள். எழுப்பினால் வைத்துக்கொள், இல்லையென்றால் அதற்கு நன்றி சொல்லி விடைகொடு. சட்டைக்கு நன்றி சொல்லுவதாவது என்று சிரிக்கத் தோன்றும். ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற நாம் சிரிப்பதற்கில்லை.

நானும் செய்து பார்த்தேன். பலன் இல்லை என்று சொன்னால் அது பொய். பத்திரிகைக் கட்டுகள் 38 கிலோ தேறின. பழைய பேப்பர்க்காரர் கிலோ 12 ரூபாய் என்று போட்டு எடுத்துக்கொண்டு போனார். தையல் மெஷின் போயிற்று. மூடியும் போயிற்று. மறுநாள் காலையில் மச்சுக்கு ஏறியபோது யாரோ என் தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போலிருந்தது. சதுரகிரி ஏறுகிறவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். தாணிப்பாறையில் புறப்படும்போது அவசியம் என்று தோன்றுகிற சாமான்கள் பாதி மலையில் வேறு மாதிரி தோன்றும். ஜன்னல் வழியே நிஜமாகவே மலை தெரிந்தது. அந்த ஒரு மாதத்தில் நாற்பது பக்கம் எழுதினேன். மூன்று வருஷத்தில் எழுதாத நாற்பது பக்கம்!

இதற்கு விஞ்ஞானக் காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்மெய்ன்ஸ், காஸ்ட்னர் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. பார்வையில் பல பொருள்கள் ஒரே சமயத்தில் இருந்தால் அவை மூளையில் இடத்துக்காக ஒன்றோடொன்று போட்டி போட்டு ஒன்றையொன்று அமுக்குகின்றன என்பது அவர்கள் கண்டது. நாம் தையல் மெஷினைப் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறோம். மூளை அதைப் பாராமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம், கலிபோர்னியாவில் சாக்ஸ்பி, ரெப்பெட்டி என்ற இரண்டு பெண்மணிகள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 30 தம்பதிகளை ஆராய்ந்தார்கள். கணவனையும் மனைவியையும் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். 'ஒரே குப்பை, முடியாத வேலை' என்கிற தோரணையில் பேசிய மனைவிமார்களுக்கு, கார்ட்டிசால் என்ற சுரப்பு பகல் முழுவதும் குறைந்துகொண்டே போக வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. பொழுது சாயச் சாய மனச்சோர்வும் கூடியது. கணவன்மார்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியாக ஒன்றும் தென்படவில்லை. எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் முக்கியமாகப் படுகிறது. அதே வீடு, அதே குப்பை. ஒருவருக்குப் பாரம், மற்றவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. எடுத்து வைக்க வேண்டியவர் யார் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். மச்சைக் காலி செய்து எனக்கு உற்சாகம் வந்ததே, அந்த மூட்டைகளைக் கீழே இறக்கியவர்கள் என் மனைவியும் அண்ணன் மகளும். நான் மாடிப்படியில் நின்றுகொண்டு மேற்பார்வை செய்தேன்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்த பகுதி முறைகளும் மடிப்புகளும் அல்ல. இடையிடையே வரும் சொந்தக் கதைதான். மூன்று குழந்தைகளில் நடுப்பிள்ளை; பெற்றோரின் கவனம் தன்மேல் விழவேண்டும் என்ற ஏக்கம் உள்ள சிறுமி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டை ஒழிக்க ஆரம்பிக்கிறாள். தன் சாமான்கள் தீர்ந்துபோன பிறகு அண்ணன், தங்கை, தாய் தகப்பன் சாமான்களை ரகசியமாக எடுத்து எறிகிறாள். அகப்பட்டுக் கொள்கிறாள். இனி நீ வீட்டில் எதையும் ஒழிக்கக் கூடாது என்று தடை விழுகிறது. இதைப் பெரியவளான பிறகு அவரே ஒளிக்காமல் சொல்லுகிறார். நல்ல நாவலாசிரியர் கையில் கிடைத்திருந்தால் இந்த ஓர் அத்தியாயம் போதும். அவரோ இதைத் தாண்டி டிராயருக்குள் துணி மடிக்கும் விதத்துக்குப் போய்விடுகிறார். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, 2023-ல், வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக அவர் சொன்னபோது ஊர் சிரித்தது. எனக்கு அவரிடம் மரியாதை கூடியது அப்போதுதான்.

என் ஆக்ஷேபம் இரண்டு இடங்களில். புத்தகங்களைப் பிரிக்கும்போது எதையும் திறந்து வாசிக்காதே, வாசித்தால் தீர்மானம் கெட்டுவிடும் என்கிறார். காகிதங்களைப் பற்றியோ, எல்லாவற்றையும் எறிந்துவிடு என்பதுதான் அவருடைய அடிப்படை விதி. அதோடு, எறிவதைக் குடும்பத்தார் பார்க்காதபடி பார்த்துக்கொள் என்றும் ஓர் எச்சரிக்கை. முக்கியமாகத் தாய் தகப்பன் கண்ணில் படக்கூடாது, அவர்களுக்கு வேதனையாக இருக்குமாம். அந்த வேதனையில் நியாயம் ஏதாவது இருக்குமோ என்று அவர் கேட்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1854-ல் வெளிவந்த 'வால்டன்' என்ற புத்தகத்தில், தம் மேஜையில் மூன்று சுண்ணாம்புக் கற்களை அழகுக்கு வைத்திருந்ததாகவும், தினசரி தூசு துடைக்க வேண்டியிருந்ததால் ஜன்னல் வழியே எறிந்துவிட்டதாகவும் சொல்லுகிறார். படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்கள் அவருடையவை, குடிசையில் அவர் தனியாள். கேட்பாரில்லை.

எங்கள் வீட்டில் கேட்பார் இருந்தார்கள். சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அம்மா மச்சுப் படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "ஏய்யா, கறுப்பு அட்டை நோட்டு ஒண்ணு பெட்டியிலே இருந்துச்சே, எங்கே?" என்று கேட்டாள்.

அது அப்பாவின் நோட்டு. கண்மாய் மடை திறந்த தேதி, எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர், விதைத்த நெல்லின் பெயர், பசு ஈன்ற நாள், கொடுத்த கைமாற்று என்று முப்பது வருஷக் கதை பென்சிலால் எழுதியிருக்கும். அதைக் கையில் எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஆனந்தம் எழும்புகிறதா என்று கேட்டேன். எழும்பவில்லை. கரப்பான் வாசனைதான் எழும்பியது. நன்றியும் சொன்னேன். 38 கிலோவில் அதுவும் அடக்கம்.

"அதை நீ வாசிக்கப் போறியா அம்மா?" என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்ட மாத்திரத்திலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நான் எங்கே வாசிக்க? இருந்துச்சு, அவ்வளவுதான். அது உன் நோட்டாய்யா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

அந்த விசாரணைக்குப் பிறகுதான் நான் 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்தேன். நல்ல வேளையாக அது எறிபடவில்லை. டாக்டர் சாமிநாதையர் ஏடு தேடி இந்தப் பக்கமெல்லாம் அலைந்தவர். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்த ஏடுகள் அந்த ஊர்க் கோவிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவர் அங்கே போனார். ஏடுகள் இல்லை. பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம். குழி வெட்டி அக்கினி வளர்த்து, சாஸ்திரப்படி ஆகுதி கொடுத்தாகிவிட்டது என்று கோவிலைச் சேர்ந்தவர் சொன்னார். ஐயருக்கு வந்த துக்கத்தையும் கோபத்தையும் அவருடைய வார்த்தையிலேயே வாசகர்கள் வாசித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோவில்காரர்கள் அயோக்கியர்கள் அல்ல. நெய் செலவழித்திருக்கிறார்கள், மரியாதையோடுதான் அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பெண்மணியின் முறைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. பழையது, பழுதானது, யாருக்கும் ஆனந்தம் தராதது, நன்றியோடு விடைபெற்றது. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளும் இப்படித்தான். நன்னூலில் சொல் வழக்கைப் பற்றி வருகிற ஒரு சூத்திரத்தை எடுத்துப் போகிக்கு ஆசீர்வாதமாக மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோமே, அதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

பிழைத்த ஏடுகள் எப்படிப் பிழைத்தன? எங்கேயோ ஒரு வீட்டில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத ஒருவர், தாத்தா காலத்துச் சமாசாரம், கிடக்கட்டும் என்று பரணில் விட்டு வைத்திருந்தார். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். 1887-ல் சிந்தாமணியும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும் அச்சேறியதில் அந்தச் சோம்பேறிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பரணைப் புகழ்ந்து பாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பரணில் கிடந்ததில் எத்தனையோ செல்லுக்கும் கறையானுக்கும் போயிற்று. கிடக்கட்டும் என்று விடுவது பாதுகாப்பதாகாது. சாமிநாதையர் செய்ததும் ஒருவகையில் ஒழிப்பு வேலைதான். தூசு தட்டினார், பிரித்தார், சேர்த்தார், வேண்டாத பாடத்தைத் தள்ளினார். ஆனால் தள்ளுவதற்கு முன் வாசித்தார். கோண்டோ அம்மையார் வாசிக்காதே என்று சொல்லுகிற அந்த இடத்திலே அவர் ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றையும் கையில் எடு என்று அம்மையார் சொன்னது வாஸ்தவமான யோசனை. எடுத்த பிறகு கேட்கச் சொன்ன கேள்விதான் போதவில்லை. எனக்கு ஆனந்தமா என்பதோடு அது நிற்கிறது; இது யாருடையது, இனி யாருக்கு வேண்டியிருக்கும் என்பதற்கு அதில் இடமில்லை. தனி அறையில் தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி சரியாக இருக்கலாம்.

பழைய பேப்பர்க்காரரைத் தேடிப் போனேன். மூன்று மாதத்துக்கு முந்தைய சரக்கு அரைபட்டே போயிருக்கும் என்றார். நாவலில் கண்மாய் உடைகிற அத்தியாயம் இப்போது நின்று கிடக்கிறது. எந்த வருஷம், எந்த மாதம், அன்றைக்கு வயலில் என்ன நெல் நின்றது என்பதெல்லாம் நோட்டில் இருந்தது. எனக்கு உற்சாகம் கொடுத்து நாற்பது பக்கம் எழுத வைத்த அதே ஒழிப்புதான் நாற்பத்தோராவது பக்கத்தில் என்னை நிறுத்தியிருக்கிறது.

டிரங்குப் பெட்டிகளில் ஒன்று இன்னும் பாக்கி. அதை இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டாசாலையில் வைத்துப் பிரிக்கிறோம். நான் ஒரு காகிதத்தை எடுத்து வாசிக்கிறேன். அம்மா கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுகிறாள். ஒரு மாதத்தில் கால் பெட்டிகூட ஆகவில்லை. நேற்று ஒரு கடன் பத்திரம் வந்தது. பத்திரமாக எடுத்து வைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் முழுவதும் வாசித்தேன்.

"அந்த மனுஷன் கொடுத்து முடிச்சிட்டாரு. அதை எதுக்கு வச்சுக்கிட்டு? கிழிச்சுப் போடு" என்றாள் அம்மா. அடுத்தாற்போல் வந்தது ஓர் உரக்கடை ரசீது. அதை நான் கிழிக்கப் போனேன். "இரு, இரு, அதிலே என்ன தேதி போட்டிருக்கு, வாசி" என்றாள்.