உறக்கத்துக்கு ஓர் இசை: தேர்வு யார் கையில்?

குளியல் பொருள்கள் விற்கும் ராடாக்ஸ் நிறுவனம் 2011இல் இங்கிலாந்தில் ஓர் இசைக்குப் பணம் போட்டது. மான்செஸ்டரைச் சேர்ந்த மார்கோனி யூனியன் குழு, ஒலிச் சிகிச்சையாளர் லிஸ் கூப்பரின் ஆலோசனையோடு ‘வெயிட்லெஸ்’ என்ற எட்டு நிமிட இசையை அமைத்தது. நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கும் அதன் வேகம், கேட்பவருக்குத் தெரியாமலே 50 தட்டுக்கு இறங்கும். முணுமுணுக்க ஒரு மெட்டுகூட அதில் கிடையாது. 40 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பதற்றம் 65 விழுக்காடு குறைந்ததாகச் செய்தி பரவியது. ‘உலகிலேயே மிக அமைதியான பாட்டு’ என்ற பட்டம் அப்போது வந்து சேர்ந்ததுதான், இன்றும் அதை விட்டுப் போகவில்லை.

விளம்பரத்துக்காகப் பிறந்த அந்தப் பெயரை மருத்துவமனையில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், நரம்பை மரக்கச் செய்யும் ஊசிக்காகக் காத்திருந்த 157 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மிடசோலம் என்ற பதற்றத் தணிப்பு மருந்து. மற்றதற்கு, வெளி இரைச்சலை அடைக்கும் ஹெட்போனில் ‘வெயிட்லெஸ்’. பதற்றம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு தணிந்தது. பக்கவிளைவு உள்ள ஒரு மருந்துக்கு ஈடாக ஓர் இசை நின்றது சின்ன விஷயமல்ல. ஆனால் இசை கேட்டவர்களின் திருப்தி குறைவாக இருந்தது. தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ள அவர்களை விடாததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காதை மூடிய ஹெட்போனால் மருத்துவரோடு பேசுவதும் சிரமமாயிற்று.

மனத்தை ஆற்றும் இசையைத் தேடும் பழக்கத்தின் வலுவும் பலவீனமும் இந்த ஓர் ஆய்விலேயே தெரிகின்றன. இசை வேலை செய்கிறது. இன்னாருக்கு இன்ன இசை என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதித் தரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வலுவின் பக்கம் சான்றுகள் குறைவில்லை. ஸ்வீடனில் 2009இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 372 பேரிடம் மிடசோலத்தைவிட இசையே பதற்றத்தைக் கூடுதலாகக் குறைத்தது. தூக்கமின்மை பற்றிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2022இல் 13 ஆய்வுகளை, 1007 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தினமும் இசை கேட்டவர்களின் தூக்கத் தரம், 0 முதல் 21 வரை போகும் அளவுகோலில் சராசரியாக 2.8 புள்ளி அளவுக்கு மேம்பட்டிருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது கேட்டவர்கள் தாங்களே சொன்ன மதிப்பீடு. தான் இசை கேட்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். மருந்து ஆய்வில் செய்வதுபோல வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட இங்கே வழியில்லை. ஆகவே பலன் உண்டு என்று நம்பலாம். 65 விழுக்காடு என்பதுபோன்ற எண்களைக் கண்டால் ஒதுங்கிப் போகலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் வெளியிட்ட இத்தாலிய ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. இசைக் கலைஞர்கள் 12 பேர், மற்றவர்கள் 12 பேர். வேகமான இசைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் ஏறின. மெதுவான இசைக்கு இறங்கின. கேட்டவரின் ரசனையைவிட வேகமே இதில் முக்கியமாக இருந்தது. நிதானமான இந்திய ராக இசைக்கு இதயத் துடிப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடக் கூடுதலான தளர்ச்சி, இடையில் இசையை நிறுத்திய இரண்டு நிமிடங்களில்தான் கிடைத்தது. எட்டு மணி, பத்து மணி நேரத்துக்கு மூச்சுவிடாமல் ஓடும் யூடியூப் காணொளிகள் இந்த இடைவெளியைத் தருவதே இல்லை.

தமிழ்க் காதுக்குத் தூக்கம் என்றதும் நினைவுக்கு வருவது நீலாம்பரி ராகம். நாகப்பட்டினத்து அம்மன் மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘அம்ப நீலாயதாட்சி’ அதில் அமைந்தது. ‘சிப்பிக்குள் முத்து’ படத்தில் இளையராஜா தாலாட்டுக்கு எடுத்துக்கொண்டதும் அதே ராகம். இந்த மரபின் மேல் ஏறி நின்றுகொண்டு, ரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், தலைவலிக்கு ஒரு ராகம் என்று மருந்துச் சீட்டு எழுதுவது தனி வியாபாரமாகிவிட்டது. நீலாம்பரியே ஆனாலும் காலப்பிரமாணமும் குரலும் மாறினால் கேட்பவரின் அனுபவம் மாறிவிடும். இப்படி எழுதித் தரும் அட்டவணையில் ராகத்தின் பெயர் இருக்கும். யார் பாடியது, எந்த வேகத்தில் என்ற விவரம் இருக்காது. நீலாம்பரியின் ஆற்றல் சுரங்களில் எவ்வளவு, சிறுவயதிலிருந்து அதைத் தொட்டிலோடு சேர்த்துக் கேட்ட பழக்கத்தில் எவ்வளவு என்று இந்த அட்டவணைகள் பிரித்துப் பார்ப்பதில்லை. கிராமத்துத் தாலாட்டின் சொற்களைக் கவனித்தால் தாய்மாமன் செய்யாத சீரும், பிறந்த வீட்டு ஏக்கமும், புகுந்த வீட்டுக் குறையும் அதில் நிறைந்திருக்கும். பாடுகிறவள் மனத்தில் அமைதி இல்லை. குழந்தையோ தூங்கிவிடுகிறது. தெரிந்த குரலும் தூளியின் சீரான ஆட்டமும் அதற்குப் போதும்.

432 ஹெர்ட்ஸ் கதை இதைவிட மோசம். இயற்கையின் அலைவரிசை அதுதான், வழக்கமான 440 உடலைக் கெடுக்கிறது என்று ஆயிரக்கணக்கான காணொளிகள் சொல்கின்றன. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடியோ மனிதர் வகுத்துக்கொண்ட அளவு. அந்த எண்ணில் இயற்கை எதையும் ஒளித்து வைக்க முடியாது. கர்நாடக இசையில் ஆதார சுருதியை அவரவர் குரலுக்கேற்பப் பாடகர்தான் வைத்துக்கொள்கிறார். ஒரே அலைவரிசைதான் மனத்தை ஆற்றும் என்றால், நூற்றாண்டுகளாகப் பலவித சுருதிகளில் பாடிக் கேட்டு நிறைவு கண்டவர்களின் அனுபவத்துக்கு என்ன விளக்கம்?

தேடுகிற இடத்திலும் கோளாறு இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால் ஒரு கேட்பாகக் கணக்கு. ‘அமைதி’, ‘உறக்கம்’ என்று மனநிலைப் பெயர் சூட்டிய பட்டியல்களில், குறைந்த செலவில் தயாரித்து, கற்பனைக் கலைஞர்களின் பெயரில் வெளியிட்ட இசையை அந்த நிறுவனமே திட்டமிட்டுச் சேர்த்ததாக பத்திரிகையாளர் லிஸ் பெல்லி 2024 இறுதியில் ஹார்ப்பர்ஸ் இதழில் விரிவாக எழுதினார். காதில் விழுந்தும் விழாமலும் ஓடும் இசைக்கு யார் வாசித்தார் என்று எவரும் கேட்பதில்லை. அந்த அலட்சியம் அங்கே லாபமாகிறது. இலவச யூடியூபில் நள்ளிரவில் பாட்டு நடுவே அலறும் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சொந்தத் தேர்வுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021இல், புகழ்பெற்ற பாடல்களை வரிகள் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் படுக்கைக்கு முன் கேட்டவர்களுக்கு, வரிகளோடு கேட்டவர்களைவிட அதிகமாக அவை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததைக் கண்டது. அப்படி ஓடியவர்களுக்குத் தூக்கம் வர நேரம் பிடித்தது. விட்டுப்போன வரிகளை மூளை தானே நிரப்பிக்கொள்கிறதோ என்னவோ. புல்லாங்குழலில் வாசித்த பழைய சினிமாப் பாட்டுத் தொகுப்பைப் படுக்கையில் போடுகிறவர்கள், அதைக் கொஞ்சம் முன்னதாக, சாப்பாட்டு வேளைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பிடித்த நாலைந்தைப் பகலிலேயே எடுத்து வைத்துவிட்டால் இரவில் திரையைத் தள்ளித் தள்ளித் தேடும் வேலையும் மிச்சம். தேடும் விரல் ஓயாதவரை தூக்கம் வராது.

இசைக்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது. அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று விழிப்பவருக்குத் தேவை தூக்கப் பரிசோதனை. எந்த ராகமும் அடைபட்ட தொண்டைப் பாதையைத் திறந்துவிடாது. ராக அட்டவணை வெளியிடுவோரும் உறக்க இசைச் செயலி விற்போரும் இந்த எல்லையை முதல் பக்கத்திலேயே சொல்லக் கடமைப்பட்டவர்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை.