பிரதிநிதிகளும் மக்களும்: ஊவாத் தோட்டங்கள் எழுப்பும் வினா

புதிய தேசமொன்று உருவாகுங்கால், மக்கள் நேரடியாக ஆள்வதா, பிரதிநிதிகள் வாயிலாக ஆள்வதா என்ற வினா எழுதல் இயல்பு. பரந்த நாட்டில் அனைவரும் ஓரிடத்திற் கூடுதல் இயலாது என்பதே பிரதிநிதித்துவ ஆட்சிக்குக் கூறப்படும் வழமையான நியாயமாகும். இந்நியாயம் தொகையைப் பற்றிப் பேசுகின்றது. வர்க்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு இதனைப் பரிசீலிப்பது தகும்.

1940இல் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கத்தின் தலைமையில் ஊவாவில் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைப் பகுதியிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்து நிருவாகம் நடத்தத் துரையும் இணங்கினார். அடக்கவந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். ஈற்றில் பொலிஸ் அடக்குமுறை அவ்வெழுச்சியை நசுக்கியது. 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூனிலே மார்க்ஸ் கண்ட புதுமை, தெரிந்தனுப்பியோர் தம் பிரதிநிதியைத் திருப்பியழைக்கலாம் என்பதாகும். லயத்தில் உடன்வாழ்வோரின் கண்ணெதிரே இயங்கிய வெவெஸ்ஸ சபையை அதனோடு ஒருவாறு ஒப்புநோக்கலாம். ஆயின், தோட்ட எல்லைக்கு அப்பால் சட்டமியற்றும் ஆற்றல் அதற்கிருக்கவில்லை. இதனை மறந்து அதனை இலட்சியப்படுத்துதல் வரலாற்று நோக்காகாது.

அவ்வாற்றலைத் தேடும் வழியாக 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் அமைந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையில் எஸ். எம். சுப்பையாவும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருள் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. ஆளும் வர்க்கம் அஞ்சியது இதற்கே எனலாம். சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. தொழிலாளருட் பெரும்பாலோர் முதலில் நாட்டையும் பின்னர் வாக்கையும் இழந்தனர். மக்கள் பிரதிநிதிகளைத் தெரிவதே இவ்வாட்சிமுறையின் இலக்கணம். இங்கோ பிரதிநிதிகள் தமக்கேற்ற மக்களைத் தெரிந்துகொண்டனர்.

அவ்வாறாயின் நேரடி வாக்கெடுப்பு இவர்களைக் காத்திருக்குமா? பெரும்பான்மையின் பெயரால் அதே தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கவுங் கூடும். எனவே, ஆட்சிமுறை யாது என்பதற்கு முன்னர், ‘மக்கள்’ என எண்ணப்படுவோர் யாவர் என்பதே தீர்க்கப்படவேண்டிய வினா. 1948இல் மறுக்கப்பட்ட விடை, எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெருமளவு கிடைத்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

கீழிருந்து கண்காணிக்கும் அமைப்பின்றிப் பிரதிநிதித்துவம் வெறுங்கூடாகும். சட்டமன்றத்தில் குரலின்றித் தோட்டச் சபை தனித்துவிடும். இரண்டையும் இணைக்கும் பணி ஊவாவில் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே நாம் வலியுறுத்துவது.