விரலை எடுக்கும் கணம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், லெபோ ஃபார்குவார் தெருவில் உள்ள அசம்ப்ஷன் தேவாலயத்தைப் படமெடுப்பவர்களில் பலர், உள்ளே ஒரு குழாய் ஆர்கன் இருப்பதை அறியாமலே பக்கத்து அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் ஓக்கம் நகரத்து மார்ட்டன் அண்ட் மூடி கம்பெனி செய்தது; 1916-இல் இங்கே பொருத்தப்பட்டது.

நம்மவர்களுக்குக் கட்டைகள் வைத்த வாத்தியம் என்றாலே ஓர் ஏளனம் உண்டு. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வராதே! அதைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. குற்றச்சாட்டு சரிதான். ஆனால் ஒரு வழி அடைபட்டால் கலை வேறு வழி தேடும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டைப் பாருங்கள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரத்துண்டு எழும்பி, அதில் செருகிய இறகுத் தண்டால் கம்பியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே ஒலி. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது பியானோ அதை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தது. ஆனாலும் 1789-இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பர்ட், இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கென்றே எழுதி அச்சிட்டார். பாட்டின் எலும்புதான் அதில் மிஞ்சியது என்பேன். இருந்தும் கேட்கப் பிடிக்கும்.

ஆர்கனிலும் விரலின் பலம் செல்லாது. ஆனால் சுண்டிய கம்பியின் ஒலி தானாகத் தேயும். குழாயின் ஒலி, விரல் கட்டையில் இருக்கும்வரை குறையாமல் நிற்கும். ஆகவே வாசிப்பவரின் கைத்திறம் விரலை எடுப்பதில்தான் இருக்கிறது. இரண்டு சுரங்களுக்கு நடுவே மயிரிழை மௌனம் விட்டால், அடுத்த சுரம் அழுத்தமாக விழுந்ததுபோல் காதுக்குத் தோன்றும். இசையமைப்பாளர் பாக்கின் வேகமான பகுதிகள் தெளிவாகக் கேட்பதும் குழம்பிப்போவதும் இந்த இடைவெளியைப் பொறுத்தது. கல் சுவர் எதிரொலிக்கும் கோயிலில் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். சுவரையும் கேட்டுக்கொண்டு வாசிக்கத் தெரிய வேண்டும்.

பினாங்கு வெக்கை வேறு. சூடேறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி கூடும். நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு நகராது. நாதஸ்வரக்காரர் சீவாளியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சுருதி இப்படிப் பிசகுவது புதிதல்ல. நூற்றுக்கணக்கான குழாய்களை அந்தச் சூட்டுக்குத் திருத்த முடியாது. அதனால் நாக்கை அழுத்தும் கம்பியை லேசாகத் தட்டித் தட்டி, நாக்குக் குழாய்களையே மற்றவற்றின் சுருதிக்குக் கொண்டுவருவார்கள்.